சதையைத் திட்டாதீங்க டாக்டர்

இன்று காலை மகளின் குதிகால் புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினேன். சுர்ரென்று நுரைத்தது. "எரியுதும்மா" என்று அவள் காலை இழுத்துக்கொண்டபோது, அண்ணி, உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் இழுத்ததே இல்லை. துண்டைக் கடித்துக்கொண்டு என்னைத்தான் அதட்டுவீர்கள்: "என்ன பூ தூவுறியா? நல்லா ஊத்து பாப்பா."

எண்பதுகளின் தொடக்கம் அது. அரியலூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து உங்கள் தொடை எலும்பு முறிந்தது. திருச்சியில் ஆபரேஷன் செய்து, உள்ளே எஃகுத் தகடு வைத்துத் திருகினார்கள். வீடு திரும்பிய சில வாரங்களில் தையல் போட்ட இடம் வீங்கி உடைந்து சீழ் வழிந்தது. மறுபடியும் திருச்சிக்கு ஓடினோம்.

பெரிய டாக்டர் உங்களைப் பார்க்காமல் அண்ணனிடமே பேசினார். "இவ்வளவு சதை இருந்தா எப்படி ஆறும்? விட்டா உயிருக்கே ஆபத்து. காலை எடுத்துடறது நல்லது."

அண்ணன் அழுதபடியே தலையாட்டினார். நீங்கள் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தீர்கள்.

"தகடு வச்சது நீங்க. சீழ் பிடிச்சது அதைச் சுத்தி. என் சதையை ஏன் டாக்டர் திட்டுறீங்க? தகட்டை எடுத்தா ஆறுமா, அதைச் சொல்லுங்க."

அப்போதுதான் அவர் உங்கள் முகத்தைப் பார்த்தார். எலும்பு இன்னும் கூடவில்லை, இப்போது எடுத்தால் கால் நிற்காது என்றார். அழுகியதை வெட்டியெடுத்து, ஊசி போட்டு, தினமும் புண்ணைக் கழுவிக் கட்டி, எலும்பு கூடும்வரை தாக்குப்பிடித்தால் பிறகு தகட்டை எடுத்துவிடலாம்.

"ஆனா உத்தரவாதம் இல்லம்மா."

"நான் அதைக் கேக்கலையே. ஆரம்பிங்க."

வீட்டில் கட்டுப் போடுவது என் வேலையானது. காலால் மிதித்து ஓட்டும் உங்கள் தையல் மெஷின் எதிரிலேயே சும்மா கிடந்தது. அதைப் பார்க்கும்போது மட்டும் உங்கள் முகம் வாடும். நலம் விசாரிக்க வந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். "சோத்தைக் கொறச்சா ஒடம்பும் வத்தும், புண்ணும் வத்தும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"புண்ணு மூடச் சதை வேணும்ல? பாப்பா, அந்த மீன் கொழம்பை எடுத்துட்டு வா" என்றீர்கள். அவள் எதிரிலேயே நிதானமாக முள் எடுத்துச் சாப்பிட்டீர்கள்.

எலும்பு கூடியது. தகட்டை எடுத்தார்கள். புண் உள்ளிருந்து மெல்ல மூடியது. கால் சற்றுக் குட்டையானதுதான் மிச்சம். அந்த வருடம் ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவில் ஒருத்தி, "இன்னும் எளைக்கலையா நீ?" என்று கேட்டாள். "காலைக் காப்பாத்தத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எளைக்கப் போகலை" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தின் நடுவே சாய்ந்து சாய்ந்து நடந்தீர்கள். திரும்பி வந்ததும் மெஷினில் உட்கார்ந்து எனக்கு ரவிக்கை தைத்தீர்கள்.

பல வருடங்கள் கழித்து, மாரடைப்பில் போய்விட்டீர்கள். சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில் வாசலில் ஒருவன் சிரித்தான்: "நாலு பேரு பத்தாதுடா."

"பத்தலேன்னா எட்டுப் பேரு வாங்க. சிரிக்காமத் தூக்குங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது நான்தான், அண்ணி. அன்றுவரை வீட்டு ஆண்களுக்கு எதிரே நான் குரலை உயர்த்தியதில்லை. அதன்பிறகு தாழ்த்தியதும் இல்லை.