முப்பத்தொன்றாம் வரிசையில் பச்சை

மார்ச் 9

குருவிக்கு,

ஒரு பக்கம் முப்பத்தொன்றாம் வரிசையிலேயே பச்சை நூலுக்கு மாறிய நீ, மறுபக்கம் மட்டும் நாற்பதாம் வரிசைவரை ஏன் மண்ணிறத்திலேயே பின்னிக்கொண்டு போனாய்? நான்கு நாட்களாக யோசிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் எழுதிக் கொடுப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

எதைச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும். விடுதியில் நம் அறையை நீ காலி செய்தபோது என் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த குரோஷா விரிப்பு. இரண்டு பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து நீளவாக்கில் இணைத்தது. இருபத்திரண்டு வருடங்களாக என்னிடம் இருக்கிறது, கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் மேல். துவைத்துத் துவைத்து மறுபடியும் அங்கேயே விரித்திருக்கிறேன். அதை உற்றுப் பார்த்தது இப்போதுதான்.

பல்கலைக்கழகப் படியில் இடறி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். ஏழு வாரம் கட்டு. வகுப்புகளை வேறொருவர் எடுக்கிறார். கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று என் கணவர் குரோஷா ஊசியும் நூலும் வாங்கி வந்தார். கோப்பைக்கு அடியில் வைக்க வட்டமாக ஒன்று பின்னினேன். அது ஓரமெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு கிண்ணமாகிவிட்டது. மருந்துக் கடை வைத்திருக்கும் அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம். "இது கோப்பைக்கு அடியில வைக்கறதா, இல்ல எலிக்குட்டிக்குத் தொப்பியா?" என்று கேட்டார். வட்டம் வேண்டாம், நேர் வரிசையாக ஏதாவது பின்னலாம் என்றுதான் உன் விரிப்பை எடுத்து எண்ணினேன்.

இத்தனை வருடங்களில் மார்ச் மாதத்துப் பகல் ஒன்றில்கூட நான் வீட்டில் இருந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மல்பெரி மரம், அதன் ஒரு பக்கம் தெருவிளக்குக் கம்பம், மறுபக்கம் இருட்டான தோட்டம். இன்னும் இலை வரவில்லை. மிளகை ஒட்டி வைத்தது போலக் கிளையெல்லாம் மொட்டு. எதிர்வீட்டு மதில்மேல் ஒன்பதரை மணிக்கு வெயில் வருகிறது, அதற்கென்றே ஒரு பூனையும் வருகிறது. ஜன்னலைத் திறந்தால் ஈரமண் காயும் வாசனை. இதையெல்லாம் ரசிக்கிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ரசிக்கிறேன்.

உன் முகவரியை நம்மோடு விடுதியில் இருந்த நூலகக்காரியிடம் வாங்கினேன். போன் எண்ணும் கொடுத்தாள். நீ "ஹலோ" என்றதும் என்ன பேசுவதென்று தெரியாததால் எழுதுகிறேன்.

சலவைக்குப் போன துணிகளைக்கூட எண்ணி வாங்குபவள் என்று நீ வைத்த பெயரிலேயே கையெழுத்திடுகிறேன்.

தணிக்கை


மார்ச் 16

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கால் விரைவில் கூட வேண்டும்.

வட்டம் கிண்ணமாவதற்குக் காரணம், நீங்கள் கண்ணிகளைக் கூட்டவில்லை. முதல் சுற்றில் ஆறு கண்ணி போட்டால் அடுத்ததில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு, இப்படிச் சுற்றுக்கு ஆறு கூட வேண்டும். அப்போதுதான் தட்டையாக வரும். புள்ளியியல் பேராசிரியருக்கு ஆறாம் வாய்ப்பாட்டை நான் சொல்லிக்கொடுக்க வேண்டி வருமென்று நினைத்ததில்லை. நான் இங்கே நூலும் பொத்தானும் விற்கிறேன். வருகிறவர்களுக்கு இதை இலவசமாகவே சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். விளக்குக் கம்பத்தை ஒட்டி நிற்கும் மரம் இருட்டில் நிற்கும் மரத்தைவிட முன்னதாகத் துளிர்க்கிறது என்று மூன்று வசந்தம் பார்த்து நான் ஆய்வேடு எழுதினேன். தேதிகளைச் சரிபார்க்கச் சொல்லி என் வழிகாட்டி அதை அப்போது புள்ளியியலில் ஆய்வு செய்துகொண்டிருந்த உங்களிடம் கொடுத்தார். "இந்தத் தேதிகள் ஒரே மூச்சில், ஒரே மையில் எழுதப்பட்டவை. மரத்தைப் பார்த்து எழுதியவை அல்ல என்பது என் கருத்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். என் பதிவு ரத்தாயிற்று. வாரக் கடைசியில் நான் அறையைக் காலி செய்தேன்.

உங்கள் ஜன்னலுக்கு வெளியே மல்பெரி இருக்கிறது. விளக்கும் இருக்கிறது. எழுந்து போக வழியில்லை. தினமும் காலையில் விளக்குப் பக்கத்துக் கிளைக்கு ஒரு வரிசை, இருட்டுப் பக்கத்துக் கிளைக்கு ஒரு வரிசை என்று இரண்டு பட்டைகள் பின்னுங்கள். மொட்டு மூடியிருந்தால் மண்ணிறம். பச்சை தெரிந்தால் பச்சை. அப்போதும் புரியாவிட்டால் என் விரிப்பைக் கிழித்துக் கால்மிதியாக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நூல்கடைக்காரி


ஏப்ரல் 6

குருவிக்கு,

நீ "நீங்கள்" என்றே எழுது. நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

உன் கடிதத்தைப் படித்தபோதே புரிந்துவிட்டது. அன்றே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் நீ பின்னச் சொன்னாய், பின்னாமல் எழுதுவது முறையாகத் தோன்றவில்லை. மார்ச் 19 காலையில் தொடங்கினேன். கணவருடைய பைனாகுலரை வாங்கிக்கொண்டேன். முதல் பதினொரு நாட்களும் இரண்டு பட்டைகளும் மண்ணிறம். மார்ச் 30 காலையில் விளக்குப் பக்கத்துக் கிளையில் மொட்டின் நுனி பிளந்து, கடுகளவுகூட இல்லாத ஒரு பச்சை. நான் கத்திய கத்தலில் கணவர் சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். "கால் போச்சா?" என்றார். "இலை வந்தாச்சு," என்றேன். ஒரு கன்னத்து நுரையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருட்டுப் பக்கம் இன்று காலைதான் துளிர்த்தது. ஏழு நாள் வித்தியாசம்.

ஆக, ஃபிரிட்ஜின் மேல் இருந்ததுதான் உன் மூலக்குறிப்பு. ஒரு நாளைக்கு ஒரு வரிசை. ஆய்வேட்டுக்காக அதைப் பார்த்துத் தேதிகளை ஒரே மூச்சில் நோட்டில் எழுதியிருக்கிறாய். மையைப் பற்றி நான் எழுதியது சரி. அதிலிருந்து நான் முடிவு கட்டியது தவறு. இத்தனை வருடம் அந்தத் தவறின் மேல் வீட்டுச் சாவியையும் மருந்துப் பாட்டில்களையும் வைத்து எடுத்திருக்கிறேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கட்டைப் பிரித்த மறுநாள் தாவரவியல் துறைக்குப் போய் என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுப்பேன். ஒரு மரத்தையும் ஒரு வசந்தத்தையும் வைத்து எதையும் நம்பக் கூடாது என்பதுதான் இன்றும் என் கட்சி. அதனால் மற்ற இரண்டு வசந்தங்களின் விரிப்புகளையும் அனுப்பி வை. பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?

கோப்பை வட்டங்கள் இப்போது தட்டையாக வருகின்றன. ஆறு செய்துவிட்டேன். கெட்டில் பிடிக்கு ஓர் உறை, திரைச்சீலையைக் கட்ட இரண்டு பட்டிகள். "வீட்டுல ஒரு பிடி பாக்கி இல்ல, அடுத்தது எனக்குத்தான் உறை போல," என்கிறார் கணவர். ஜன்னலுக்கு வெளியே தேனீக்கள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றை நான் எண்ணவில்லை.

தணிக்கை


ஏப்ரல் 13

ஏய் தணிக்கை,

இருபத்திரண்டு வருடம் அடக்கிவைத்ததை மரியாதைப் பன்மையில் எழுத வரவில்லை. அதனால் "நீ".

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். உனக்குத் தெரியாதா? தினமும் காலையில் விடுதி ஜன்னலில் உட்கார்ந்து இரண்டு பட்டையிலும் ஒவ்வொரு வரிசை பின்னிவிட்டு மூடி வைப்பேன். நீ பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பாய். "என்னடி, ஒரு வரிசையோட நிறுத்திட்டே? இந்த வேகத்துல பின்னினா உன் பேரன் கல்யாணத்துக்குத்தான் விரிப்பாகும்," என்று நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நானும் சிரித்தேன். சொல்லியிருக்கலாம். ஆராய்ச்சிக்காரி நூலில் குறிப்பு வைக்கிறாள் என்றால் கேலி செய்வாயே என்று சொல்லவில்லை. பேனாவைவிட ஊசி எனக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

வழிகாட்டியின் அறையில் அன்று அவர், "மூலக்குறிப்பு எங்கம்மா?" என்று கேட்டார். மூன்று விரிப்புகளும் என் மடியிலிருந்த பையில்தான் இருந்தன. எடுத்து மேஜைமேல் போட்டால் சிரிப்பார். நீ சிரிக்காமலிருந்தால் போட்டுவிடலாம் என்று உன்னைப் பார்த்தேன். நீ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். அந்த விரிப்பை நான் மறந்து விட்டுப் போகவில்லை. வேண்டுமென்றேதான் உன் அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிறவள், இதையும் எண்ணாமல் இருக்க மாட்டாள், ஒரு வாரத்தில் தேடி வருவாள் என்று நினைத்தேன். அடுத்த வசந்தம் வரைக்கும்கூட நினைத்தேன்.

மற்ற இரண்டையும் அனுப்ப மாட்டேன். ஒன்று தையல் மெஷின் மேல் இருக்கிறது, மற்றதை என் சின்ன மகள் தன் புத்தக அலமாரிக்கு எடுத்துக்கொண்டாள். எனக்குக் கடை இருக்கிறது. கடை திறப்பதற்கு முன் இன்றும் மரம் பார்க்கிறேன், இன்றும் ஒரு வரிசை பின்னுகிறேன், அதை யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை. நீ துறைக்குப் போவதாக இருந்தால் முதலில் இதற்குப் பதில் சொல். எனக்காகப் போகிறாயா, உனக்காகவா?

குருவி

கெட்டில் உறைக்குப் பருத்தி நூல்தானே போட்டாய்? மற்றது சூட்டில் உருகும்.


ஏப்ரல் 20

குருவி,

பருத்திதான்.

எனக்காகத்தான் போகிறேன். உனக்காக என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், எனக்கும் எழுத வராது. அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. அது பொய் என்று தெரிந்த பிறகும் அங்கே கிடக்க விட்டால், நாளை வகுப்பில் நின்று பிள்ளைகளிடம் எதைச் சரிபார்க்கச் சொல்வேன்?

நீ என்னைப் பார்த்தபோது நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தது உண்மை. நீ பார்ப்பாய் என்று தெரிந்துதான் தாளைப் பார்த்தேன். அதில் படிப்பதற்கு ஒன்றும் பாக்கியிருக்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடமும்.

எண்ணாமல் விட்டதற்கும் என்னிடம் சமாதானம் இல்லை. நீ போன பிறகு அந்த விரிப்பை மடித்து அடியில் வைத்தேன். கல்யாணமாகி வீடு மாறியபோது வெளியே எடுத்தேன். எண்ணப் பயந்தேனா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை, இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

இன்று கட்டைப் பிரித்தார்கள். கால் வற்றிப்போய் யாருடையதோ போல இருக்கிறது. கைத்தடியோடு மரத்தடி வரை நடந்தேன். மேலே பார்த்தால் இலைகளின் ஊடே வெயில் பச்சையாக இறங்குகிறது. கீழே நின்ற வண்டியெல்லாம் பூந்துகள். ஐந்து நிமிடம் நின்றேன். பக்கத்து வீட்டம்மா, "என்னங்க, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

நாளை பத்து மணிக்குத் துறைக்குப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. நடந்ததை எழுதிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை ஒட்டுவேன்.


ஏப்ரல் 21, மாலை

போனேன். உன் வழிகாட்டி ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. இப்போதைய துறைத் தலைவருக்கு என்னைவிட எட்டு வயதாவது குறைவு. என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மேடம், இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இப்ப யாரு கேக்கறா?" என்றார். "நான் கேக்கறேன்," என்றேன். உதவியாளரை அனுப்பிக் கோப்பைத் தேடச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் எழுந்து போய்விடுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. உட்கார்ந்தே இருந்தேன்.

கோப்பு வந்தது. என் அறிக்கை பதினொரு வரி. அதைவிட நீளமாக நான் பால்காரருக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன்.

"ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றார் தலைவர். உன் விரிப்பையும் என் பட்டைகளையும் மேஜைமேல் விரித்தேன். உதவியாளர் சிரித்துவிட்டார். "டீ ட்ரேக்குப் போடறதா மேடம்?" என்றார். தலைவருக்கும் உதடு கோணியது. நான் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தேன், வாய்விட்டு, ஒவ்வொரு வரிசையாக. பத்தைத் தாண்டியதும் உதவியாளர் சிரிப்பை நிறுத்தினார். இருபதுக்கு மேல் தலைவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். நாற்பதில் நான் நிறுத்தியபோது, "மறுபடியும் ஒரு தடவை நான் எண்ணிப் பாக்கலாமா?" என்று கேட்டார். அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ரத்தான பதிவை உயிர்ப்பிக்க விதியில் இடமில்லையாம். முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். என் கடிதத்தை அறிக்கையின் மேல் வைத்துக் கோப்பில் கட்டினார்கள். முத்திரை போட்ட நகலை இதோடு வைத்திருக்கிறேன். இதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை. நடந்ததாக நானும் நினைத்துக்கொள்ளப் போவதில்லை.

கிளம்பும்போது தலைவர் கதவு வரை வந்தார். மூன்று வசந்தத்தின் விவரங்களையும் முதுகலை வகுப்பில் உன் பெயரோடு காட்ட விரும்புகிறாராம், நீயே வந்து பேசினால் இன்னும் நல்லது என்றார். "அவங்க அட்ரஸ் குடுங்க மேடம், நான் எழுதறேன்," என்று பேனாவை எடுத்தார்.

கொடுக்கவில்லை. அவளைக் கேட்காமல் முடியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்டுவிட்டேன்.

தணிக்கை