முதலில் உப்பு, பிறகு வார்னிஷ்

அண்ணி,

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இன்று காலை கூடத்தில் உங்கள் உப்பளப் படம் வியர்த்திருந்தது. சட்டத்தின் கீழ்விளிம்பில் நீர் கோத்து, தையல் மெஷின் மூடியின் மேல் சொட்டி, காய்ந்த இடத்தில் வெள்ளையாகத் தடம் வைத்திருந்தது. கிட்டே போனேன். எண்ணூர்க் கழிமுகத்தின் வாடை. சேறும் நண்டு வளையும் அழுகிய தாழையும் கலந்த வாடை. ராயபுரத்து வீட்டுக் கூடத்துக்குள் அது வர வேறு வழி இல்லை. படத்தின் மேல் நீங்கள் ஒட்டிவைத்த உப்பும் சேறும்தான் ஒவ்வொரு மழைக்கும் இப்படி விழித்துக்கொள்கின்றன.

துடைக்கத் துணி எடுத்துவந்தேன். பாத்திகள் ஈரம், ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் ஈரம். வரப்பின் மேல் என் அண்ணன் நிற்கும் இடம் மட்டும் எப்போதும்போலக் காய்ந்திருந்தது. அண்ணன் நிற்கும் இடம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அங்கே இப்போது இருப்பது ஒரு சாண் உயரத்தில், ஆள் வடிவத்தில், முகமில்லாத ஒரு வெள்ளை மேடு.

அந்த மேட்டைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் இருந்தவரை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிஜத்தைச் சொல்லியிருப்பீர்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தண்டையார்பேட்டையில் உங்கள் அப்பாவின் போட்டோ ஸ்டூடியோவில் வளர்ந்தவர் நீங்கள். கல்யாணப் போட்டோக்களில் முன்பின் தெரியாத மாப்பிள்ளைகளின் கன்னத்துக்குப் பஞ்சால் சிவப்புப் பூசிக் கொடுத்த பெண். எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. சாயக் குப்பிகள், பிசின், வார்னிஷ், தூரிகைகள். அம்மா அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வந்திருக்கறது மருமகளா, கம்பவுண்டரா?" என்று கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை.

முகங்களுக்கு வர்ணம் பூசி அலுத்துப்போய்த்தான் நீங்கள் இடங்களைப் பிடித்தீர்கள். திருவொற்றியூர்க் கரையை அண்ணனின் கேமராவில் எடுத்து, ஸ்டூடியோவில் பெரிதாகப் பதித்து, அந்தக் கரையின் மணலையே அதன் மேல் ஒட்டுவீர்கள். நுரைக்குக் கிளிஞ்சல் பொடி. சவுக்குத் தோப்புக்குச் சவுக்கு ஊசி. கிழிந்த வலையின் நூலைப் பிரித்துத் தொலைவில் தெரியும் கட்டுமரத்தின் கயிறு. வானத்துக்கு மட்டும் சாயம். "வானத்த மட்டும் டப்பால அள்ள முடியல பாப்பா" என்பீர்கள். டப்பா தூக்குவது என் வேலை. வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற பி.ஏ., ஞாயிற்றுக்கிழமை உங்கள் பின்னால் மணலும் சேறும் சுமந்து வந்தேன்.

ஒருநாள் கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி நம்மை வழிமறித்தாள்.

"இன்னாமே, மண்ண அள்ளிகினு போறே? யாருக்கு சூனியம் வெக்கப் போறே?"

"சூனியம் இல்ல ஆயா. கடல போட்டோ புடிச்சிருக்கேன். அது மேல ஒட்டறதுக்கு."

"போட்டோலதான் கடலு வந்துட்ச்சே. அப்பால மண்ணு இன்னாத்துக்கு? ஒன் போட்டோவ நீயே நம்ப மாட்டியா?"

"நம்ப மாட்டேன் ஆயா. அதான் சாட்சிக்கு மண்ணு."

கிழவிக்கு அந்தப் பதில் பிடித்துப்போய், கூடையிலிருந்து ஒரு கை சிப்பி எடுத்து என் டப்பாவில் போட்டாள். "இந்தா, இன்னொரு சாட்சி."

ஆரம்பத்திலேயே எனக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தீர்கள். படத்தின் மேல் எதை ஒட்டினாலும் முதலில் வார்னிஷ். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிசின், மணல், மற்றதெல்லாம். "கடல் சாமான் எல்லாத்துலயும் உப்பு கீது. படத்துக்கும் உப்புக்கும் நடுவுல ஒரு கதவு வேணும். கதவு இல்லேன்னா ரெண்டு மழைக்குள்ள உப்பு படத்தத் தின்னுடும். மேல வேற மூடி வெச்சா அவ்ளோதான், உள்ளுக்குள்ளயே ஊறித் தின்னும். எங்க நைனா எத்தினி படம் தோத்தாரு தெரியுமா இதால?" இதை நீங்கள் ஒருமுறை சொல்லி நான் மறந்ததல்ல. ஒவ்வொரு படத்துக்கும் சொன்னீர்கள். மறக்க விடவில்லை நீங்கள்.

எண்ணூருக்குப் போனது அண்ணன் ரங்கூனுக்குக் கப்பலேறுவதற்கு முந்தைய கோடையில். உப்பு வாருகிற நாட்கள். வரப்பில் அண்ணனை நிறுத்தினீர்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் வெள்ளைக் குவியல்கள். "எல்லாமே வெள்ளையா இருந்தா நான் எங்கே தெரிவேன்?" என்றார் அண்ணன். "மொகம் தெரியும்ல, அது போதும்" என்றீர்கள். கேமராவை அமுக்கியது நான்.

அந்தப் படத்தை மட்டும் நீங்கள் உடனே வேலை செய்யவில்லை. பெரிதாகப் பதித்து, மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தீர்கள். "அவரு வரட்டும். வந்ததும் செய்யலாம்." டப்பாவில் அள்ளிவந்த எண்ணூர் உப்பும் அதன் கூடவே காத்திருந்தது.

பிறகு யுத்தம் வந்துவிட்டது. துறைமுகத்தை ஒட்டிய ஊரில் கேமராவும் கையுமாகத் திரிய முடியாது. யாரைப் பார்த்தாலும் யாருக்கோ உளவு என்கிற காலம். நாம் வெறும் டப்பாவோடு போனதற்கே காசிமேட்டில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, மணலைத் தன் கைக்குட்டையில் கொட்டச் சொல்லி விரலால் கிண்டிப் பார்த்தார். "மண்ணுதானா?" "மண்ணுதாங்க." "வெறும் மண்ண எவனாச்சும் டப்பால பூட்டி எடுத்துனு போவானா?" அவரைக் குறை சொல்ல முடியாது. ரங்கூனில் குண்டு விழுந்தது. கடிதங்கள் நின்றன. பர்மாவிலிருந்து கால்நடையாகக் காடு தாண்டி வந்தவர்களை அம்மா வீடு வீடாகப் போய் விசாரித்தாள். கல்கத்தாவரை தேடிப் போன ஒருவரிடம் அண்ணனின் கல்யாணப் படத்தைக் கொடுத்தனுப்பினாள். ஆளும் வரவில்லை, படமும் வரவில்லை. ஸ்டூடியோவின் பழைய கண்ணாடி நெகட்டிவ் தகடுகளை உங்கள் அப்பா காலமான பிறகு யாரோ வாங்கிப்போய், வெறும் கண்ணாடிக்காகச் சுரண்டிவிட்டார்கள். கடைசியில் அண்ணனின் முகம் என்று இந்த வீட்டில் மிஞ்சியது பெட்டிக்குள் இருந்த உப்பளப் படம் ஒன்றுதான்.

யுத்தம் முடிந்த பிறகும் நீங்கள் குங்குமம் வைத்தீர்கள். பூ வைத்தீர்கள். குழாயடியில் உங்கள் காதுபடவே பேசினார்கள். "புருசன் இன்னா ஆனானே தெரியல. இவ மினுக்கிகினு கீறா பாரு." "யாரு கண்டா, யாருக்காக மினுக்குறாளோ." நானும் உங்களைப் பார்த்தேன், அண்ணி. அவர்களைப்போலப் பேசவில்லை. ஆனால் பார்த்தேன்.

அப்போதுதான் கன்னியப்பன் வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ரங்கூனில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசலில் அவர் தலையைக் குனிந்து ஏதோ சொன்னார். நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அவர் பதில் சொன்னார். உள்ளே வந்து அம்மாவிடம், "அவருக்கும் ஒண்ணும் தெரியலயாம் அத்தை. ஊரு பெருசாம்" என்றீர்கள். ஒன்றும் தெரியாதவர் எதற்காக நம் வாசல்வரை வந்தார்? அன்றைக்கு எனக்குள் விழுந்த விதை அது.

மறுநாள் பெட்டியைத் திறந்து உப்பளப் படத்தை வெளியே எடுத்தீர்கள். "வரட்டும்னீங்களே அண்ணி?" என்றேன். "வராத நேரத்துல என்ன செய்யறது? அத்தைக்குக் கண்ணு மங்கிக்கினே போவுது. கை வெச்சுப் பாக்கற மாதிரி செஞ்சு குடுக்கலாம்."

வானத்துக்கும் பாத்திக்கும் குவியலுக்கும் விதிப்படியே செய்தீர்கள். முதலில் வார்னிஷ். காயவிட்டு, சேறு, ஓலைக் கீற்று, உப்பு. அண்ணனின் உருவத்தை மட்டும் தூரிகை சுற்றிக்கொண்டு போயிற்று. கடைசியில் அங்கே வந்தீர்கள். வெற்றுப் படத்தின் மேல் பிசின் தடவி, சட்டையிலும் வேட்டியிலும் பொடித்த உப்பை அழுத்தி மேடாக்கி, அதன் மேல் முகத்தையும் சேர்த்துக் கெட்டியாக வார்னிஷ் பூசினீர்கள்.

"முதல்ல வார்னிஷ் இல்லையா அண்ணி?"

"அத்தை கை படற எடம். உதிரக் கூடாது."

"கீழேயும் ஒரு பூச்சு போட்டா?"

நீங்கள் தூரிகையைத் துடைத்தீர்கள். "இதுக்கு இப்படித்தான் பாப்பா."

முதல் மழையில் சட்டைக் காலருக்கு மேலே மஞ்சள் பூத்தது. அடுத்த மழைக்கு வாய் போயிற்று. பிறகு மூக்கு, கண்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை நான் பார்த்தேன். நீங்கள் பார்ப்பதையும் பார்த்தேன். நீங்கள் ஒரு தடவையும் தடுக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. காலையில் குளித்ததும் சுவரைத் தடவிக்கொண்டு வந்து அந்த மேட்டில் விரல் வைப்பாள். தோளைத் தொடுவாள், மார்பைத் தொடுவாள். "என் புள்ள கெட்டியாத்தான் இருக்கான்" என்பாள். பக்கத்தில் நின்று நீங்கள், "ஆமா அத்தை" என்பீர்கள். அந்தக் குரலை எத்தனை விதமாகவோ கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதில் பொய் எங்கே இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அம்மா கடைசிவரை மகனைத் தொட்டுவிட்டுத்தான் போனாள். நீங்கள்தான் அவளுக்குக் கஞ்சி ஊட்டி, புண்ணைக் கழுவி, பெற்ற மகளான என்னைவிட அதிகம் செய்தீர்கள். அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். இவ்வளவு செய்கிறவள் எதை ஈடு கட்டுகிறாள் என்று.

போன புரட்டாசியில் உங்களைக் கூடத்தில் கிடத்தியபோது தெருப் பெண்கள் குங்குமச் சிமிழை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "வெக்கலாமா? இன்னா மொறைன்னு வெக்கறது?" "வெச்சி, அந்தாளு இல்லேன்னா பாவம் யாருக்கு?" பேச்சு வளர்ந்தது. நான் சிமிழை வாங்கி உங்கள் நெற்றியில் வைத்தேன். எனக்கும் ஒன்றும் தெரியாது. உயிரோடு இருந்தபோது நீங்களே வைத்துக்கொண்டதை எடுக்க நான் யார் என்றுதான் வைத்தேன்.

கருமாதிக்குக் கன்னியப்பன் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவியவரை வாசலில் நிறுத்தினேன். "அன்னிக்கு அண்ணிகிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் தெருவைப் பார்த்தார். "இப்ப சொல்லி இன்னாமா ஆவப் போவுது?"

"சொல்லுங்க."

"ஒங்க அண்ணன் சாவல. அங்க ஒரு பொம்பளையோட குடித்தனம். ரெண்டு புள்ளைங்க. யுத்தத்துக்கு முன்னாடியே. அந்தாளே என்கைல சொன்னாரு, 'நான் செத்துட்டேன்னு வூட்ல சொல்லிடு'ன்னு. நான் அத்த சொல்லத்தாம்மா வந்தேன். ஒங்க அண்ணி மொகத்தப் பாத்து பொய்யி வர்ல. நெசத்தச் சொல்லிட்டேன்."

"அண்ணி என்ன கேட்டாங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. 'நல்லா கீறாரா'ன்னு. 'குத்துக்கல்லாட்டம் கீறாரு'ன்னேன். 'அப்ப சரி, அத்தைகிட்ட வாய தொறக்காத'ன்னிட்ச்சு."

அன்று சாயங்காலம் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். குங்குமம் நிஜம். குழாயடியில் ஒருத்தியிடமும் நீங்கள் அதை நிரூபிக்கவில்லை. மாமியாருக்கு ஒரு மகன் வேண்டியிருந்தது. தொட்டுப் பார்க்க ஓர் உடம்பைச் செய்து கொடுத்தீர்கள். உங்களுக்கு அந்த முகம் வேண்டியிருக்கவில்லை. அதை உப்பிடம் விட்டுவிட்டு, கதவு வைக்காமல் மேலே மூடினீர்கள். அம்மாவின் பார்வை எவ்வளவு மங்கும், உப்பு எவ்வளவு தின்னும், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இப்படித்தான் நான் நினைக்கிறேன். உடனே இன்னொரு நினைப்பும் வருகிறது. அப்படியொரு சேதி கேட்ட மறுநாளில், விதி தெரிந்தவர்களும் தப்புச் செய்வார்கள். பிறகு தடுக்க மனம் வந்திருக்காது. இரண்டில் எது என்று உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். அப்போதும் தூரிகையைத்தான் துடைத்திருப்பீர்கள்.

உங்கள் மரப்பெட்டி இப்போது என்னிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பாவோடு நானே போகிறேன். போன வாரம் திருவொற்றியூர்க் கரையின் படம் ஒன்றை முடித்தேன். முதலில் வார்னிஷ் போட்டேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் எங்கே விதி மீறியிருக்கிறது என்று தேடுகிற கண்ணையும் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதை மூடத் தெரியவில்லை எனக்கு.

இன்னொன்று. கன்னியப்பன் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். ரங்கூனில் இப்போது நம்மவர்களுக்குப் பிழைப்பு சரியில்லையாம். அண்ணன் ஊர் திரும்பும் யோசனையில் இருக்கிறாராம். இந்த வீடு இங்கேயே இருக்கிறதா என்று ஆள் விட்டுக் கேட்டிருக்கிறாராம்.

"இன்னா சொல்லட்டும்மா?" என்றார்.

"இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

வரட்டும், அண்ணி. உப்பளப் படம் கூடத்தில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. வந்தால் காப்பி கொடுப்பேன். படத்தில் யார் என்று கேட்டால், கண்ணால் பார்த்தால் தெரியாது, கை வைத்துப் பாருங்கள் என்பேன். அம்மாவின் விரல் பட்டுப் பட்டுத் தோள் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

மழை இன்னும் விடவில்லை. படத்தைத் துடைத்துவிட்டேன். அந்த ஓரிடத்தைத் துடைக்கவேண்டி இருக்கவில்லை.

உங்கள்
பாப்பா