வெட்டச் சொன்ன வரி

மே 8, வியாழன்

காற்றும் இல்லை, மழையும் இல்லை. நல்ல வெயிலில் சொல்லாமல் கொள்ளாமல் கள்ளக்கடல் கேறி, அலைத்தண்ணீர் எங்கள் கருவாட்டுக் குடோனுக்குள் இடுப்பளவு நின்றது. சாளை, நெத்திலி, திருக்கை எல்லாம் ஊறிப் போயின. விற்க ஒரு கூடைகூட மிஞ்சவில்லை.

வேலைக்கு வரும் பெண்கள் அழுதார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கலங்கவில்லை. "எதுக்கு கரையுதிய? எனக்க பெண்டாட்டி இன்சூரன்ஸ் எடுத்து வச்சிருக்கா" என்றார். பிறகு என்னிடம், "ஏட்டி, உனக்க புத்தியாலதான் தப்பிச்சோம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

பாலிசி எடுத்த அன்று ஏஜென்ட் செலின், "அக்கா, தீப்பிடிக்கதோட புயல், வெள்ளம், கடல் கேறது எல்லாம் இதுல உண்டு" என்று வாசித்துக் காட்டினாள். எனக்குப் பதறிவிட்டது. மகன் கடலில் தொழில் செய்கிறான். அந்தக் கடல் எங்களை அழிக்கும் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா? "அத எழுதப்பிடாது மக்களே, அந்த வரிய வெட்டிரு" என்றேன். எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை; கடைசியில் அதை வெட்டித்தான் பாலிசி போட்டாள். இவரிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.

நாளை காலை சர்வேயர் வருகிறார். பாலிசி எங்கே என்று இவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். காலையில் தருகிறேன் என்றேன். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்.

குடோன் சுவரில், மாதா படத்துக்குப் பின்னால் உயரத்தில் செருகியிருந்ததால் அந்தக் காகிதம் மட்டும் நனையவில்லை. மாதாவே, அதையும் கொண்டுபோயிருக்கக் கூடாதா?