பின்லாந்து போன கை

ஆம்பூர்
3-9-2025

அம்மாடி எழிலரசி,

இங்கே அம்மா நலம், கன்றுக்குட்டி நலம். நான் மட்டும் நலமில்லை, கோபமாக இருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சிக்னல் இல்லப்பா" என்பாய். அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். பிழை இருந்தால் என் எட்டாங்கிளாஸ் வாத்தியாரைக் கேள்.

முதலில் என் தப்பு. உன்னோடு வேலை செய்கிற சத்துவாச்சாரிப் பெண் பிரிசில்லா, நீ மரத்தூளில் செய்து கொடுத்தனுப்பிய 'மரத்தோலை' எடுத்துக்கொண்டு நேராக எங்கள் டேனரி ஷாப்புக்கே வந்துவிட்டாள். நான் அதை ஷூ கம்பெனியில் கொடுத்து ஒரு ஜோடி தைத்து வாங்க வேண்டும், அதானே ஏற்பாடு? என் கூட்டாளி அஹமது பாஷா தடவினான், மடக்கினான், மோந்து பார்த்தான். "மரத்தூளாம், பட்டையாம். யாருகிட்ட? அசல் தோல்டா இது" என்றான்.

எங்கள் ஷாப்பில் யார் எதைத் தோல் என்று கொண்டுவந்தாலும் ஓரத்தில் தீக்குச்சி வைப்போம். தோல் என்றால் முடி கருகிய வாடை வரும், சுருங்கி அணைந்துவிடும். பழக்க தோஷம், வைத்துவிட்டேன். உன்னுடையது கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டது. பிரிசில்லா "அங்கிள், அங்கிள்" என்று கத்துவதற்குள் பாதி போய்விட்டது. பாஷா குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தான். மீதிப் பாதி ஊறின அப்பளம்.

இதற்கு நீ என்னைத் திட்டலாம். அடுத்ததற்கு நான் உன்னைத் திட்டுவேன்.

"இது மரம்தான் அங்கிள், எழிலே சொல்றதைப் பாருங்க" என்று நீ மேடையில் பேசிய வீடியோவைப் போட்டாள். ஷாப்பே கூடிவிட்டது. மகள் இங்கிலீஷ் பேசுகிற பவுசில் நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அப்போது உனக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஒரு கை. பார்த்த கையாக இருக்கிறதே என்றால், என் கை! சுருங்கின புறங்கை, மடங்கிப் போன சுண்டுவிரல். பிரிசில்லா தமிழில் சொன்னாள்: "தோல் பதனிடுற ரசாயனம் எங்கப்பா கையை இப்படி ஆக்கிடுச்சு, அதான் மரத்துலேர்ந்து தோல் செய்றேன்னு சொல்றாங்க அங்கிள்." அங்கே எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

பாஷா, "அருணகிரி, உன் கை பின்லாந்து போய்ட்டு வந்துடுச்சு. உனக்குதான் பாஸ்போர்ட் இல்ல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை.

யாரைக் கேட்டு எடுத்தாய்?

உன் அப்பா
அருணகிரி

*

ஹெல்சிங்கி
7-9-2025

அன்புள்ள அப்பா,

அந்த ஒரு தாளுக்காக ஆறு மாதம் ஆய்வுக்கூடத்தில் கிடந்தேன். நீங்கள் ஒரு தீக்குச்சியில் முடித்துவிட்டீர்கள். தீப்பிடிக்காத பூச்சு இன்னும் போடவில்லை என்று உறையின் மேலேயே எழுதியிருந்தேன். இங்கிலீஷில் எழுதியது என் தப்பு, சரி.

கை விஷயம். போன பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். பாசத்தில்தான் எடுத்தேன். நான் என்ன பொய் சொல்லிவிட்டேன்? கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் அம்மா குடம் தூக்கி அலைந்தது பொய்யா? தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று சுப்பராயன் மாமா கால் புண்ணாகி ஆறாமலே இருக்கிறதே, அது பொய்யா? டேனரி வாடை அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காராதது உங்களுக்குத் தெரியுமா?

இருபதாம் தேதி, ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற குழுவின் முன்னால் பேச வேண்டும். மரக்கழிவில் ஒரு பங்கு தோலாகும், மிச்சம் எரிபொருளாகும் என்று சொல்ல இங்கே நூறு பேர் இருக்கிறார்கள். அந்தப் படம் இல்லாவிட்டால் நான் நூற்றியோராவது ஆள், அவ்வளவுதான்.

படம் இருக்கும் அப்பா.

எழில்

*

ஆம்பூர்
10-9-2025

எழிலரசிக்கு,

நீ சொன்ன எல்லாம் நிஜம். தண்ணீர் கெட்டது நிஜம், சுப்பராயன் கால் நிஜம். முதலாளிக்கு நான் வக்கீல் இல்லை. நீ இன்னும் சத்தமாகவே சொல்லு. என் கோபம் அது இல்லை.

இந்தக் கை எப்படி இப்படி ஆச்சு என்று என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அம்மாவையாவது கேட்டாயா? ஷாப்பில் நான் இன்னா வேலை? பதப்படுத்தி, காய்ந்து, மெருகேறி வருகிற தோலைத் தரம் பிரித்து அடுக்குகிறவன். தொட்டிப் பக்கம் நான் போனதே கம்மி.

உனக்கு அப்போது மூன்று வயசு இருக்கும். நம்மிடம் கேஸ் இல்லை, மரத்தூள் அடுப்புதான். அறுவை மில்லில் தூள் அள்ளி வந்து, நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் அரைகுறையாக இடித்தேன். எரிகிறபோதே தூள் உள்ளே சரிந்து, மேலே இருந்த வெந்நீர்ப் பானை நீ நின்ற பக்கம் சாய்ந்தது. பானையைப் பிடிக்கப் போய்க் கை தணலுக்குள் போய்விட்டது. வீரம் ஒன்றும் இல்லை. அடுப்பை ஒழுங்காகக் கெட்டிக்கத் தெரியாத மடையன் நான்தான்.

ஆக, என் கையைச் சுட்டது டேனரி இல்லை. மரத்தூள்! உன் மரத்தூள்!

இது தெரியாமல் ஒரு ஊரே என் கையைப் பார்த்து உச்சுக்கொட்டிக் கை தட்டுகிறது. தட்டினவர்களிடம் நான் இன்னா, பிச்சையா கேட்டேன்? மரத்தூள், பட்டை, அப்பன் கை, எல்லாம் உனக்கு ஒரே மூலப்பொருளா? மரத்துக்கு வாய் இல்லை, நீ கேட்காமல் எடுக்கலாம். எனக்கு வாய் இருக்கிறதே! ஜாஸ்தியாகவே இருக்கிறது என்று உன் அம்மா சொல்கிறாள்.

அந்தப் படத்தை மறுபடி காட்டினால் பொங்கலுக்கு நீ வர வேண்டாம். வந்தாலும் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. நான் ஏலகிரிக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே குளிருமாம், பரவாயில்லை.

அருணகிரி

*

ஹெல்சிங்கி
21-9-2025

அப்பா,

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

என் பேச்சிலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். குழுவில் ஒருவர் என் முந்தைய மேடைப் பேச்சைக் கேட்டவர். "உங்கள் அப்பாவின் கை எங்கே?" என்றார். "அது தப்பான சான்று. அந்தக் காயம் மரத்தூள் அடுப்பில் பட்டது. நான் விசாரிக்காமல் காட்டிவிட்டேன்" என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார். "அப்படியானால் உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் சொன்ன மற்றதை எப்படி நம்புவது?" என்று இன்னொருவர் கேட்டார். கண்ணால் பார்த்தேன் என்றேன். பார்த்தது போதாதாம். ஊரில் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தால் அடுத்த வருடம் யோசிப்பார்களாம். இப்போது பணம் இல்லை. என் பேராசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் காபி குடிக்கிறார்.

செய்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் மேல் கோபம் இன்னும் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு வரலாமா?

எழில்

*

ஆம்பூர்
24-9-2025

அம்மாடி எழில்,

எவன் அவன் சிரித்தவன்? பேரை அனுப்பு. என் மகளைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, அவனுக்கு இன்னா உரிமை? தப்பான கையைக் காட்டினபோது எழுந்து தட்டினானுங்க. நிஜத்தைச் சொன்னதும் காசு கிடையாது என்கிறானுங்க. இது எந்த ஊர் நியாயம்? பாஷாவிடம் சொன்னேன், அவன் என்னைவிடப் பேஜாராகிவிட்டான். "பின்லாந்துக்கு பஸ் எங்க ஏறணும் சொல்லு, ரெண்டு பேரும் போய்ட்டு வரலாம்" என்கிறான்.

உன் கோபம் இருக்கட்டும். எனக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நீ வந்து விசாரிக்கப் போகிறாய் என்று ஷாப்பில் சொல்லி வைத்தேன். சுப்பராயன் காலில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினான். பிறகு, "பாப்பா வந்து கேக்கட்டும், காலைக் காட்டறேன். மூஞ்சி மட்டும் வேணாம்" என்றான். தோல் துடைக்கிற மஹ்பூபி முடியவே முடியாது என்றுவிட்டாள். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துன்னு இருக்கோம்ணா, போட்டோ கீட்டோ ஆகாது" என்றாள். அவள் வீட்டில் டீ குடித்துவிட்டு வந்துவிடு, கேள்வி கேட்காதே.

பொங்கலுக்கு வா. ஒவ்வொருத்தரையும் எதிரில் உட்கார்ந்து கேள். அவரவர் சொல்வதை மட்டும் கொண்டுபோ.

படம் எடுக்கலாமா என்று என்னையும் கேள். அந்தக் கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பதில் இன்னாவென்று நான் இன்னும் முடிவு பண்ணவில்லை.

உன் அப்பா
அருணகிரி