சாவிக்கும் பொட்டு வைத்தேன்

மாப்பிள்ளை,

நேற்று சேலத்தில் ஒரு டூல்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். நம் பட்டறையின் பழைய டிரில் மிஷின் புகைந்துவிட்டது. காயில் கட்டுகிறவரும் கையை விரித்துவிட்டார். கடைக்காரர் புதிதாக இரண்டை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்றில் துளை போடும் பிட்டைச் செருகி, அதைக் கவ்விப் பிடிக்கும் சக்கைக் கையாலேயே முறுக்கி இறுக்கிக்கொள்ளலாம். இன்னொன்றை இறுக்கப் பல் வைத்த சாவி வேண்டும். "கீலெஸ் சக்கே எடுத்துக்குங்க, சாவி தொலையற தொந்தரவு இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே, அந்தச் சாவியை உறையிலிருந்து உருவி என் உள்ளங்கையில் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கோடு சில்லென்று இருந்தது. நான் அதை நழுவவிட்டதைப் பார்த்து, "சர்க்கரை இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உங்கள் இடது கண்ணைப் பறித்தது அப்படி ஒரு சாவி. அதை மிஷினில் மாட்டிவைத்தவன் நான். கண் போனபிறகு பதினோரு வருஷம் நீங்கள் என் பக்கத்திலேயே இருந்தீர்கள். நான் ஒரு நாளும் சொல்லவில்லை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆனபின், கேட்க ஆள் இல்லாத நேரத்தில் எனக்கு வாய் வருகிறது, பாருங்கள்.

நாமக்கல்லில் நாம் லாரிக்கு பாடி கட்ட ஆரம்பித்த நாளிலேயே நீங்கள் ஒரு ஏற்பாடு செய்தீர்கள். சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி, சக் சாவியை வயரில், பிளக்குக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டினீர்கள். பிளக்கைப் பிடுங்கினால்தான் சாவி சக்குக்கு எட்டும். சாவி சக்கில் இருக்கும்வரை பிளக் சுவரில் இருக்க முடியாது. வேலை செய்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். நானும்தான். "பிளக்கப் புடுங்காம பிட்டு மாத்தற சோலியே நம்ம பட்டறையில வேண்டாமுங்க மச்சான்" என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் தங்கமான புத்தி அது. அதைத்தான் நான் அறுத்தேன்.

எனக்கு எல்லாம் வரிசையாக இருக்கவேண்டும், தெரியுமே. ஆயுத பூஜைக்கு ஸ்பானர்களைக் கூட சின்னதிலிருந்து பெரிதாக அடுக்குவேன். நீங்கள் கல்யாணச் சீர் மாதிரி இருக்கிறதென்று கேலி செய்வீர்கள். அந்த வருஷம் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று பலகையில் பரப்பிவிட்டுப் பார்த்தால், டிரில் மிஷின் பக்கத்தில் அந்த அழுக்கு டியூப் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணை உறுத்தியது. பிளேடால் ஒரே இழுப்பு. தனியாக வைத்தால் சாவி தொலைந்துவிடும் என்று சக்கிலேயே செருகினேன். நாளைக்குப் புது டியூப் போட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். சாவிக்கும் பொட்டு வைத்தேன். அதன்மேல் ஒரு முழம் செவ்வந்தியை மடித்துச் சுற்றினேன். சாவி இருந்த இடமே தெரியவில்லை. நீங்கள் வெளியே ஒரு லாரிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் காலையில் மறுபூஜை. அவரவர் கருவியை அவரவர் எடுத்து, பூவோடு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வைப்பது நம் பட்டறை வழக்கம். உங்களுக்கு அதில் குழந்தைத்தனமான ஒரு குஷி. "மச்சான், பாருங்க, இந்த வருசம் பூவு கூரைத் தகரம் வரைக்கும் பறக்குது" என்று சொல்லிக்கொண்டே பிளக்கைச் செருகினீர்கள். நான் சாவியை மறந்தே போய்க் கற்பூரத் தட்டோடு திரும்பினேன். சக் சுற்றியதும் இதழெல்லாம் மஞ்சளாகச் சிதறின, அவற்றோடு சாவியும் தெறித்தது. நீங்கள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "கண்ணுல பூ உழுந்துருச்சுங்க" என்றீர்கள். விரலிடுக்கில் ரத்தம் வந்தபிறகும் அதைத்தான் சொன்னீர்கள்.

அடுத்து நான் செய்ததை எழுத விரல் கூசுகிறது. நாலு பேர் உங்களைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. பலகைக்கு அடியில் கிடந்த டியூப் துண்டைத் தேடி எடுத்தேன். பிளேடு போட்ட வெட்டு நேராகத் தெரிந்தது. வயரில் மிச்சம் இருந்ததையும் அவிழ்த்தேன். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் காருக்குப் பின்னால் வந்தேன். சேலம் போகும் வழியில் ஏதோ ஒரு பாலத்துக்குக் கீழே வீசினேன். எந்தப் பாலம் என்று இன்றுவரை நினைவில்லை. அதனால் அந்த ரோட்டில் எல்லாப் பாலமும் எனக்கு அந்தப் பாலம்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டு நீங்களே ஒரு காரணம் கண்டுபிடித்தீர்கள். "டியூப்பு இத்துப்போயி அறுந்துருக்குமுங்க மச்சான். பூசைக்கு மொத நாளு பிட்டு மாத்துனப்ப நாந்தான் சாவிய எடுக்காம உட்டுட்டனாட்ட இருக்குது." சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. "உடுங்க மாப்ள, ஆனது ஆச்சு" என்றேன். உங்களை நான் மன்னிப்பதுபோல அந்த வார்த்தை வந்தது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு உங்களால் லாரி ஓட்ட முடியாமல் போயிற்று. டீயை ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றினீர்கள். என் தங்கச்சிக்கு முதலில் அழுகை, அப்புறம் கோபம், அப்புறம் அது வீட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பால் பொங்கினாலும், பைக் சாவி காணாமல் போனாலும் அதே பேச்சு. "ஒரு சாவிய எடுத்து வெக்கத் தெரியாத மனுசனக் கட்டிக்கிட்டு, அத்தனையும் நானே பாக்கோணும்!" நீங்கள் சிரிப்பீர்கள். நானும் கூட உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன். பட்டறையில் உங்களுக்கு இடது பக்கமாகவே நின்று பழகினேன். "இந்தப் பக்கமா வாங்க மச்சான், ஆளு தெரிய மாட்டீங்கறீங்க" என்று முழுத் தலையையும் திருப்புவீர்கள். தெரியாமல் இருக்கத்தான் அங்கே நின்றேன்.

ஒரு முறை கீலெஸ் சக் வைத்த மிஷின் ஒன்றை வாங்கி வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இனி இந்தப் பட்டறையில் சாவியே வேண்டாம் என்று கத்தினேன். நீங்கள் அதில் பன்னிரண்டு எம்.எம். பிட்டை மாட்டி, முடிந்தமட்டும் கையால் முறுக்கி, இரும்புச் சேனலில் வைத்து அழுத்தினீர்கள். பாதியில் பிட்டு நின்றுவிட்டது. சக் மட்டும் சுற்றியது. "பலகைக்கு இது போதுமுங்க. சேனலுக்குச் சாவி போட்டு முறுக்குனாத்தான் புடிக்கும். தப்பு சாவி மேல இல்லீங்க மச்சான், எம் மேல" என்றீர்கள். நான் கை கழுவப் போவதுபோல வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பழைய மிஷினின் வயரில் புது டியூப் கட்டிக்கொண்டிருந்தீர்கள், ஒற்றைக் கண்ணால் முடிச்சு பிடிபடாமல், தடவித் தடவி.

நேற்று சாவி போட்டதையே வாங்கினேன். வேலைக்கு அதுதான் சரி. ஆனால் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக முடியவில்லை. பனமரத்துப்பட்டிப் பிரிவில் வண்டி தானாகத் திரும்பியது என்று எழுதினால் பொய், நான்தான் திருப்பினேன். தங்கச்சி இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள். தனியாக உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மேலே உங்கள் போட்டோ, கல்யாணத்தில் எடுத்தது, இரண்டு கண்ணோடு. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிளேடு, பூ, டியூப், பாலம், எதையும் விடவில்லை.

அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கை கொஞ்ச நேரம் கடலையை உரித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது.

"சாவற அன்னிக்குக் காத்தால கூடத் திட்டுனேண்ணா. மாத்தரையப் போட மறந்துட்டாருன்னு. சாவியவே மறந்த ஆளுக்கு மாத்தர எங்க நெனப்பிருக்கும்னு சொன்னேன். அதுக்கும் சிரிச்சுட்டுத்தாம் போனாரு."

கையிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ ஒருக்கா சொல்லியிருந்தீன்னா, தெரியாமப் பேசிப்போட்டனுங்கன்னு அவருகிட்டச் சொல்லியிருப்பேனே. இப்ப நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?"

அவ்வளவுதான் பேசினாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இறக்கி வைக்கத்தான் போனேன், மாப்பிள்ளை. என்னுடையது அப்படியே இருக்கிறது. அவள் தலையிலும் ஒன்றை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.