ஐம்பது டிகிரியில் ஒரு நேர்கோடு

டுலூத்,
மார்ச் 22

அன்புள்ள டெரெக்,

நாங்கள் நலம். உன் நலத்தை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். அந்தச் சிகிச்சை இல்லத்தில் செல்போனுக்கு அனுமதி இல்லை, கடிதம் மட்டும் கொடுப்பார்களாம். பஸ் ரிப்பேர் சீட்டைத் தவிர எதுவும் எழுதிப் பழகாத கை இது. கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே.

ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீ இல்லாமல் அம்மா அவனில் சுடும் இறைச்சி-உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் மூன்று நாள் கிடக்கிறது. நான்தான் தின்று தீர்க்கிறேன்.

போன ஞாயிறு நீ சொன்னதை அம்மா சொன்னாள். "அப்பா வர வேணாம்மா. அவருக்கு அந்தப் பெட்டி நல்லா இருந்தாப் போதும்" என்றாயாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவனுக்கு வேலை போனதுலேர்ந்து வீட்ல வச்சுப் பார்த்துக்கிட்டது யாராம்?" என்று கத்தினேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நிலவறைக்கு இறங்கி, நீ சொன்ன அந்தப் பெட்டி, பீர் புளிக்கவைக்கும் ஃப்ரீஸர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபரில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். உள்ளே ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட், ஜூன் மாத ஏரித் தண்ணீரின் குளிர், அப்படியே நிற்க வேண்டும். உள்ளே தொங்கும் சென்சார் வரையும் வெப்ப வரைபடத்தில் தினமும் பகல் பதினொரு மணிக்குக் கோடு துள்ளியது. மூடியின் ரப்பரை மாற்றினேன். விசிறியைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கிளப்பில் நண்பன் லைல்தான் சொன்னான்: "சென்சாரைக் காத்துல தொங்கவிட்டா ஆடத்தான்யா செய்யும். பீர்க் குடுவையோட ஒட்டி, ஸ்பாஞ்சை வச்சு டேப் சுத்து." சுற்றினேன். மூடியைத் திறந்தால் காற்றுதான் சட்டென்று சூடாகும், குடுவை ஆகாது. கோடு நேராகிவிட்டது. உன்னைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். நீ வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றாய். உன் முகம் வெளிறியிருந்தது. நான் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில், குடிக்கத் தயாராக அதற்குள் வைத்திருந்த இரண்டு பீப்பாய்களும் காலியாக ஒற்றைக் கையில் எழும்பி வந்தன. தரை ஈரமே இல்லை. அப்போதும் குழாயெல்லாம் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடினேன், மடையன். இரண்டு வாரத்தில், குடித்து நினைவில்லாமல் கிடந்த உன்னை அம்மா படிக்கட்டின் அடியில் கண்டெடுத்தாள்.

தெரியாமல் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. டேப் சுற்றும்போது ஒரு நிமிடம் கை நின்றது. பதினொரு மணிக்கு நானும் அம்மாவும் வேலையில் இருக்கிறோம், வீட்டில் இருந்து மூடியைத் திறப்பது யார் என்று தோன்றியது. தோன்றியும் சுற்றி முடித்தேன், டெரெக். உன்னைக் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். அதற்குத்தான் பயந்தேன்.

புளித்துக்கொண்டிருந்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். ஃப்ரீஸரை லைல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். இதையெல்லாம் செய்ததற்காக நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றில்லை.

இந்த ஞாயிறு இரண்டு மணிக்கு அம்மாவோடு வருகிறேன். பார்க்க மனமில்லையென்றால் வாசலில் இருக்கும் பெண்ணிடம் சொல்லிவிடு, தவறில்லை. பார்வையாளர் நேரம் முடியும்வரை காரிலேயே இருக்கிறேன். உன் ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுப்பு, காரை அங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும், மகனே.

உன் அப்பா,
வெர்ன்