சிஞ்ஞோரா வீட்டுக் கன்னிவாழை

செப்டம்பர் 28, ஞாயிறு

தெற்குக் காற்று. பல்கனியில் காயப்போட்ட மிளகாய் முழுக்கச் செம்மண் தூசி. கழுவி எடுக்கச் சொல்லித் தங்கச்சி மலர் இரண்டு தரம் சொல்லிவிட்டாள். இன்னும் கழுவவில்லை.

இதெல்லாம் இப்படித்தான் வரும் என்று நான் ஆடி மாதமே சொன்னேன். சிஞ்ஞோரா வீட்டு வாழை கடைசிவரை குலை போடாது, அது மானம்பூவுக்கென்றே நிற்கிற கன்னிவாழை என்று. அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இன்று காலை கோவிலில் இருந்து செய்தி. வியாழக்கிழமை விஜயதசமி, மானம்பூத் திருவிழா. மகிஷனாக நிறுத்தி ஐயர் வாளால் வெட்டுவதற்கு, இன்னும் குலை போடாத கன்னிவாழை ஒன்று வேண்டும். கத்தானியாவில் இருந்து வரவேண்டிய வாழை வரவில்லை. பலேர்மோவில் இத்தனை தமிழர் இருக்க, கோவில் தலைவர் கேட்டது என்னிடம். சரி, கைபேசிக் குழுவில் எல்லோருக்கும் போட்ட செய்திதான். ஆனால் முதல் பதில் என்னுடையது. "வாழை என்ரை பொறுப்பு" என்று போட்டேன். பதினேழு பேர் கும்பிடுகிற கைப் படம் போட்டார்கள்.

சிஞ். வீடு ஒரேத்தோ ஆற்றுக்கு அங்கால், மலைப் பக்கம். எண்பது தாண்டிய இத்தாலிய மனுசி, தனியே இருக்கிறார். வீடும் தோட்டமும் பார்ப்பது மலரின் புருசன் சிவா. தோட்டத்தில் ஒரு மூலையை மனுசி எங்களுக்கு விட்டிருக்கிறார். பாகல், கத்தரி, மிளகாய், வேலியில் பயிற்றை. சிவா கொத்துவான், தண்ணீர் விடுவான். எப்படிக் கொத்துவது என்று சொல்வது நான்.

வாழை சிஞ்ஞோராவின் புருசன் சாகிறதற்குக் கொஞ்சம் முதல் வைத்தது. மாரியில் சிஞ். அதற்குப் பழைய கம்பளி சுற்றிவிடுவார். ஆகவே ஒரு சொல் கேட்டுவிட்டு வெட்டுவதுதான் மரியாதை. பின்னேரம் போகிறேன்.

ஒக்டோபர் 1, புதன்

சம்மதம் கிடைத்தது. ஞாயிறு பின்னேரம் நானே நேரில் போய்க் கேட்டேன். கோப்பி போட்டுத் தந்தார். விஷயத்தை என்னுடைய இத்தாலியனில் விளக்கினேன். மகிஷன் யார், அம்மன் யார், வாழை ஏன் என்று எல்லாம். கண் கலங்கிவிட்டார். "வெட்டு மகனே, கடவுளுக்குத்தானே" என்றார்.

சிவா நம்பாத மாதிரிக் கேட்டான்.

"மச்சான், வடிவாக் கேட்டனீங்களோ?"

"ஓமடாப்பா. கோப்பியும் குடிச்சனான்."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே அவ."

"உனக்கு ஏன் சொல்லவேணும்? கேட்டது நானெல்லோ."

மத்தியானம், சிஞ். படுத்திருக்கிற நேரம், வெட்டினோம். ஓசையில்லாமல் வெட்டியது என்னுடைய கெட்டித்தனம். எழுப்பிச் சொல்லட்டோ என்று சிவா கேட்டான். பாவம், மனுசி படுக்கட்டும் என்றேன். இலைகளைச் சேர்த்துக் கட்டிக் கார்க் கூரையில் ஏற்றினோம். வழியெல்லாம் சனம் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார், செத்த வீடு என்று நினைத்தாரோ தெரியாது.

அடிக்கட்டையில் மண் போட்டு மூடினேன். ஏன் மூடினேன்? சும்மா. துப்புரவு.

ஒக்டோபர் 2, வியாழன்

காலையில் தூறல், பின்னேரம் வெளிப்பு. கோவில் மண்டபத்துக்குப் பின் முற்றத்தில் வாழையை நட்டு நிறுத்தினோம். தலைவர் ஒலிவாங்கியில் என் பெயரைச் சொன்னார். இரண்டு தரம். பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை மாதிரி ஒன்று.

ஐயர் ஓங்கி ஒரே வெட்டு. சனம் "அரோகரா". துண்டு பொறுக்கப் பெடியள் பாய்ந்தார்கள். நடுத்தண்டு என் காலடியில் விழுந்தது. எடுத்தேன். மட்டை பிரிந்திருந்தது. உள்ளே, வெள்ளைத் தண்டின் நுனியில், பெருவிரல் அளவு பொத்தி, வாழைப்பூ மொட்டு. ஊதா நிறம் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

கன்னி இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வெளியே தள்ளியிருக்கும். அடுத்த கோடைக்குக் குலை.

இலையில் சுற்றிக் குப்பை வாளியில் போட்டேன். ஒருவரும் காணவில்லை. பிறகு சுண்டல், அவல், கதலிப்பழம். எனக்கு வேண்டாம் என்றேன். மலர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒக்டோபர் 6, திங்கள்

இஞ்சி தீர்ந்தது. கபோ சந்தையில் மீன் வாங்கினேன். மலர் எழுதித் தந்தது: சூடை, தக்காளி, புதினா. நான் வாங்கியது: சூடை, தக்காளி, பரிசுச்சீட்டு.

சிவா வேலையால் வந்து சாப்பாட்டில் கை வைக்கவில்லை. இன்று சிஞ். தோட்டத்தின் பின்பக்கம் போயிருக்கிறார். வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு, "என்ரை வாழை எங்கை?" என்று கேட்டிருக்கிறார். சிவா நடந்ததைச் சொல்லியிருக்கிறான். நீங்கள்தானே மச்சானுக்குச் சொன்னீர்கள், ஞாயிறு பின்னேரம், கோப்பியும் கொடுத்தீர்களே என்று.

"ஏசினவவோ?" என்று கேட்டேன்.

"ஏசியிருந்தாப் பரவாயில்லை மச்சான். கதிரையிலை இருந்திட்டா. 'நான் சொன்னனானோ? நான் சொன்னனானோ?' எண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. பிறகு, 'மகனுக்குச் சொல்லாதை' எண்டு என்ரை கையைப் பிடிச்சா."

மலர் சொன்னாள், "பாவம். வயசு போனா அப்பிடித்தான். எல்லாம் மறந்திடும்."

நான் சூடையின் முள்ளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

எங்கள் மூலையைத் துப்புரவு செய்தோம். பாகல் கொடி பிடுங்கினோம். கடைசிப் பாகற்காய் ஒரு கூடை, பச்சை மிளகாய் ஒரு பை, பூசணி இரண்டு. ஒன்று இருபது கிலோ இருக்கும். மலர் தராசில் வைத்து ஒன்பது என்றாள். தராசு பிழை. உள்ளிப் பல் ஊன்றினேன், நேராக. சிவா அதைப் பிடுங்கி இன்னொருக்கால் ஊன்றினான்.

சிஞ்ஞோராவின் மகன் ஜோர்ஜோ வந்திருந்தார். நகரத்துக்குள் இருக்கிற நல்ல மனுசன், பெலத்துக் கதைக்காதவர். வாழை விஷயம் எப்படியோ அவர் காதுக்கும் போய்விட்டது. தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்தார். மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். போகும்போது சிவாவிடம், "அம்மா வேறை என்னத்தை மறக்கிறா?" என்று கேட்டார்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

ஒலிவ் பறிப்பு! என் வாழ்நாளில் இப்படி ஒரு பறிப்பு இல்லை. மரத்துக்குக் கீழே வலை விரித்து, கொப்பை முள்ளுக்கரண்டி மாதிரி ஒன்றால் கோத வேண்டும். மழை மாதிரிக் கொட்டும். நான் ஏணியில். சிவா மற்ற ஏணியில். மலரும் அவளுடைய மகள் அபியும் இலை பொறுக்கினார்கள். அபி பள்ளிக்கூடத்து இத்தாலியனில் பாட்டுப் பாடினாள். நாளைக்குத் தீபாவளி, மலர் பயற்றம் பணியாரம் கொண்டுவந்திருந்தாள். வெயில் இதம். எண்ணெய் ஆலைக்கு ஐந்து பெட்டி.

சந்தோசமாக இருந்திருக்க வேண்டிய நாள்.

மத்தியானம் சிஞ். ஊன்றுகோலோடு என் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். சிவா எட்டத்தில். மெதுவாகக் கேட்டார், "நான் என்ன சொன்னனான்? அப்பிடியே சொல்லு."

இறங்கினேன். இறங்கும் நேரத்துக்குள் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் என்னுடையது. "கோப்பி தந்தனீங்கள், சிஞ்ஞோரா. தோளிலை நீலச் சால்வை. வானொலி பாடினது. 'வெட்டு மகனே' எண்டனீங்கள்." சால்வையும் வானொலியும் எங்கே இருந்து வந்தன? கேட்கக் கேட்க அவர் உதடு அசைந்தது. நீலச் சால்வை. வானொலி. பாடமாக்கிற பிள்ளை மாதிரி.

"ஓம், ஓம்," என்றார். "இப்ப ஞாபகம் வருது."

ஏணியில் திரும்ப ஏறவில்லை. முழங்கால் நோ என்று சொன்னேன்.

நவம்பர் 1, சனி

விடுமுறை. மலைக்குக் கஸ்தானியா பொறுக்கப் போனோம். கொட்டைக்கு வெளியே முள்ளம்பன்றி மாதிரிக் கோது, சப்பாத்தால் மிதித்துப் பிரிக்க வேண்டும். குளிர். காடு முழுக்க மஞ்சள். ஒரு காட்டுப்பன்றி கண்டேன், மாடளவு. மற்றவர்கள் காணவில்லை.

அபி இரண்டு பை நிறையப் பொறுக்கினாள். நெருப்பில் வாட்டித் தின்றோம். அப்போதுதான் சிவா சொன்னான். ஜோர்ஜோ தாயை முதியோர் இல்லத்தில் விட இடம் பார்த்துவிட்டார். வீட்டைப் பூட்டி விற்பார்கள்.

"அப்ப உங்கடை வேலை?" மலர் கேட்டாள்.

"வேலை போனா ஒப்பந்தம் போகும். சித்திரையிலை இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கவேணும். ஒப்பந்தம் இல்லாமல் என்னத்தைக் காட்டுறது?"

கஸ்தானியா ஒன்று நெருப்பில் வெடித்தது.

"நொன்னா ஒண்டும் மறக்கிறேல்லை," அபி சொன்னாள். சிஞ்ஞோராவை அவள் அப்படித்தான், பாட்டி என்று, கூப்பிடுவாள். "என்னோடை சீட்டு விளையாடேக்கை விழுந்த சீட்டெல்லாம் சொல்லுறா. ஒருநாளும் நான் வெல்லேல்லை."

"சீட்டு வேறை, வாழை வேறை," என்றான் சிவா.

"எப்பிடி வேறை, பப்பா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்கள் ஏன் இண்டைக்குக் கதைக்கேல்லை? காய்ச்சலோ?"

"ஓம். கொஞ்சம்."

"பன்றிக்குப் பயந்திட்டியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

நவம்பர் 5, புதன்

மழை. துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் பிந்தி வந்தது. கப்பல் பொறுப்பு என்னுடையது, அதாவது அறைகள் துடைப்பது. ஒரு அறையில் கட்டில் விரிப்பு மாற்றும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "சிஞ்ஞோரா, ஒரு விஷயம்." இத்தாலியனில் நன்றாகவே வந்தது. கூட வேலை செய்கிறவன் எட்டிப் பார்த்து, "யாரோடை கதைக்கிறாய்?" என்று கேட்டான்.

சிவாவிடம் முதலில் சொல்வதா? அவன் என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்வான். சொல்லமாட்டான். அதுதான் பெரிய கரைச்சல், அவன் ஒன்றும் சொல்லமாட்டான்.

கோவில் குழுவில் மானம்பூப் படங்கள் இன்னும் வருகின்றன. "வாழை தந்த அண்ணைக்கு நன்றி."

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். ஆலையில் இருந்து எண்ணெய் வந்தது. பச்சை, தொண்டையில் காரம். சிஞ். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். குசினி மேசையில் பாண், புது எண்ணெய், உப்பு, மாதுளை. பின் வளவில் அவரைக் கொட்டை விதைக்க வரம்பு கட்டிவிட்டு உள்ளே வந்தோம். ஜோர்ஜோவும் இருந்தார்.

சிஞ். வடிவாக உடுத்து, தலை இழுத்து, சோதனை எழுதப் போகிற பிள்ளை மாதிரி. பாண் முடிய அவரே தொடங்கினார். "ஜோர்ஜோ, நான் மறக்கிறனான் எண்டு நினைக்காதை. வாழை வெட்டச் சொன்னது நான். எனக்கு எல்லாம் ஞாபகம். செப்டம்பர் கடைசி ஞாயிறு பின்னேரம். இந்த மனுசன் இதிலை இருந்தவர். நான் நீலச் சால்வை போட்டிருந்தனான். வானொலி பாடினது. கோப்பி குடுத்தனான்." ஒரு சொல் பிசகவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நீயும் சொல்லு என்கிற மாதிரி.

ஜோர்ஜோ எண்ணெய்த் தட்டைத் தள்ளி வைத்தார். தாயின் கையைப் பிடித்தார்.

"அம்மா, அந்த ஞாயிறு நீங்கள் என்ரை வீட்டிலை. பிள்ளையின்ரை பிறந்தநாள். மத்தியானம் வந்து இரவு படுத்திட்டுத்தான் போனனீங்கள்."

சிஞ்ஞோராவின் முகம். அதை எழுத எனக்குத் தெரியாது. பொய்யாகக்கூட எழுத வராது. "பிறந்தநாள்," என்றார். "ஓம், பிறந்தநாள். கேக் வெட்டினது. அப்ப கோப்பி…?" பிறகு தன் தலையில் கை வைத்தார்.

சிவா என்னைப் பார்த்தான். மலர் என்னைப் பார்த்தாள். அபி மட்டும் மாதுளையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், அவளுக்கு ஏற்கனவே விளங்கிவிட்டது.

எழும்பினேன். கப்பலில் பழகினது ஒன்றும் வரவில்லை. "சிஞ்ஞோரா சொல்லேல்லை. நான் கேக்கேல்லை. அவ மறக்கேல்லை, நான்தான்," என்று உடைந்த இத்தாலியனில் சொன்னேன். பொத்தியையும் சொன்னேன். அதை ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

சிஞ். மகனிடம், "கேட்டியோ? நான் மறக்கேல்லை," என்றார். இன்னொரு தரம், பெலத்து. அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. பிறகு என்னிடம், "வெளியிலை போ." போனேன். வளவில் நின்றேன். உள்ளே நிறைய நேரம் கதைத்தார்கள். சிவா வந்து காரைத் திறந்தான். ஜோர்ஜோ வேலையைப் பற்றி ஒன்றும் முடிவு சொல்லவில்லையாம். இல்லத்துக்குத் தாய் போகமாட்டாராம், அது மட்டும் முடிவு. வழி முழுக்க அவன் என்னோடு கதைக்கவில்லை.

மேலே ஒக்டோபர் முதலாம் திகதி எழுதியதை வெட்டப் பேனையை எடுத்தேன். வெட்டவில்லை. இதிலும் எழுதிவிட்டால் நடந்தது மாதிரி ஆகிவிடும் என்றுதான் அன்றைக்கு எழுதினேன். நடந்தது இதுதான். அந்த ஞாயிறு பின்னேரம் போனேன். படலை பூட்டியிருந்தது. மணி அடித்தேன், ஒருவரும் வரவில்லை. கோவிலில் வாக்குக் கொடுத்தாயிற்று. திரும்பி வருகிற பஸ்ஸில், யன்னல் பக்கம் இருந்து, அவர் தந்த கோப்பியை நான் போட்டேன்.